மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

சேலம், நாமக்கல் மேட்டுக்காடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, மழை இல்லை, அதனால் பச்சை இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சேலம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மி.மீ. மழை பெய்கிறது. நாமக்கல்லில் அதைவிடக் குறைவு. ஆனாலும் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் தழைக்க அது தாராளம்.

மழை குறைந்தால்தானே கடலை பொய்க்கிறது என்பார்கள். ஆடிப்பட்டத்துக் கடலை பூத்து விழுது இறக்கும் நாட்களில் இரண்டு மூன்று வாரம் மழை விட்டுப்போனால் மண் இறுகிவிடும், விழுது உள்ளே போகாது. பிறகு ஐப்பசியில் கொட்டித் தீர்த்து ஆண்டுக் கணக்கு நிரம்பினாலும் அந்தக் கடலைக்குப் பயனில்லை. அதே காய்ச்சலில் ராசிபுரத்து மரவள்ளி இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

மண்ணைப் பற்றி யாரும் பேசாததுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். இங்குள்ள செம்மண் பல காடுகளில் ஒரு முழத்துக்குள் சரளையாகி, அடியில் பாறையில் முட்டுகிறது. மூடாக்கு இல்லாத நிலத்தில் கனமழை அடித்தால் மேல்மண் கரைந்து துளைகளை அடைக்கும். வெயில் காய்ந்ததும் விரலால் பெயர்த்தெடுக்கலாம், அப்படி ஓடு கட்டியிருக்கும். அடுத்த மழை அதன்மேல் வழிந்து ஓடைக்குப் போய்விடும்.

கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் குன்றுகளுக்கும் சுற்றியுள்ள காடுகளுக்கும் வானம் ஒன்றுதான். ஆனால் டூனைட் பாறையிலிருந்து உண்டான மண்ணில் மெக்னீசியம் மிகுதி, கால்சியம் குறைவு, போதாததற்கு நிக்கலும் குரோமியமும். இதைத் தாங்காத செடி எவ்வளவு பெய்தாலும் குன்றித்தான் போகும். சுரங்கம் தோண்டிக் கொட்டிய குவியல்களில் வேர் பிடிப்பது இன்னும் கடினம்.

ஏற்காடு பச்சையாக இருக்கிறதே, அது மழையால்தானே? மழை அங்கே அதிகம் என்பது உண்மை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் பெய்த தண்ணீர் சீக்கிரம் ஆவியாவதில்லை என்பதும் உண்மை. சமவெளியில் பங்குனி, சித்திரை வெயிலும் ஆடிக்காற்றும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன.

மரம் நட்டால் எல்லாம் சரியாகும் என்ற வாதமும் அரைகுறைதான். இறுகிய நிலத்தில் குழி தோண்டிக் கன்றை வைத்துவிட்டு ஆட்டையும் அவிழ்த்துவிட்டால் என்ன தேறும்? கோடைமழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை உயர்த்தி, புல் விதை உதிரும்வரை மேய்ச்சலை நிறுத்துங்கள். கன்று நடுவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.