சோற்றுக்கும் ஏடிபிக்கும் நடுவே

இழைமணி என்றால் உயிரணுவின் ஆற்றல் நிலையம் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்த நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், ‘ஆக்சிஜன் உணவை எரிக்கிறது’ என்பதோடு பலருக்கு விடை முடிந்துவிடும். உண்மையில், நாம் இழுக்கும் ஆக்சிஜன் குளுக்கோஸைத் தொடுவதே இல்லை. வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடிலும் அது போய்ச் சேர்வதில்லை, தண்ணீராகிவிடுகிறது.

உணவு படிப்படியாகச் சிதையும்போது எலக்ட்ரான்கள் பிரிகின்றன. இழைமணியின் உள்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் அவற்றை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்துகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்படுகின்றன. கடைசிப் புரதத்திடம் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வதுதான் ஆக்சிஜனின் வேலை. சயனைடு அந்தக் கடைசிப் புரதத்தை அடைத்துவிடுகிறது. அதனால்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிர் போகிறது.

உயிரணு தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் நாணயம்தான் ஏடிபி. இதில் அது எங்கே வந்தது? இந்தக் கேள்விதான் ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. எலக்ட்ரான் ஓட்டத்துக்கும் ஏடிபிக்கும் நடுவே ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். அப்படியொரு பொருளே இல்லை, சவ்வின் இரு பக்கமும் புரோட்டான்கள் ஏற்றத்தாழ்வாக நிற்பதே அந்த இணைப்பு என்றார் பீட்டர் மிட்செல், 1961இல். பலர் ஏற்கவில்லை. அவர் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் சீர்செய்து, சக ஆய்வாளர் ஜெனிஃபர் மாயிலோடு அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். 1978இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்பாதவர்களையும் அசைத்த சோதனை 1974இல் வந்தது. ராக்கர், ஸ்டோக்கெனியஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கொழுப்பாலான நுண்குமிழ்களைச் செய்தார்கள். ஒளி பட்டால் புரோட்டானைத் தள்ளும் ஒரு புரதத்தை உப்பில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள். ஏடிபி செய்யும் நொதியை மாட்டு இதயத்திலிருந்து எடுத்தார்கள். இரண்டையும் குமிழ்ச்சவ்வில் பதித்து ஒளியைப் பாய்ச்சினார்கள். உணவு இல்லை, எலக்ட்ரான் சங்கிலி இல்லை. ஆனாலும் ஏடிபி உருவானது! இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? இழைமணி இப்படி ஏடிபி செய்யும் முறைக்கு உள்ள ஆக்சிஜனேற்ற பாஸ்பரிகரணம் என்ற நீண்ட பெயரை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன்னால், இந்த ஒரு சோதனையை வகுப்பில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பேன்.

ஏடிபி செய்யும் அந்த நொதி ஒரு சுழலும் இயந்திரம். புரோட்டான்கள் அதன் வழியே திரும்பும்போது ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி பிறக்கின்றன. அதன் தண்டு சுழல்வதை 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

சவ்வில் கசிவு ஏற்பட்டால் என்ன ஆகும்? மோட்டார் ஓயாமல் ஓடியும் மாடித் தொட்டி நிறையாத கதைதான். புரோட்டான்கள் நொதிப் பக்கம் போகாமல் குறுக்கே திரும்பிவிடும். ஏடிபி ஆக வேண்டிய ஆற்றல் வெறும் சூடாகப் போகும். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் உடல் இதை அளவோடு செய்து கதகதப்பைக் காக்கிறது. டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளுக்கு அந்த அளவு தெரியாது. 1930களில் அமெரிக்காவில் எடை குறைக்க அதை விழுங்கினார்கள். எடை குறைந்தது, சிலர் கடும் காய்ச்சலில் இறந்தார்கள், சிலருக்குக் கண்புரை வந்தது. 1938இல் அது மனிதர் உண்ணத் தகாதது என்று அங்கே அறிவிக்கப்பட்டது. இன்றும் இணையத்தில் கொழுப்பு கரைக்கும் மாத்திரை என்று விற்கிறார்கள். அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. யாராவது சாப்பிட்டுவிட்டால், காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.