பெயர் வேறு, ஒலி வேறு

பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லையென்றால் தலைவிதியென்பது நம்மவரின் பழைய வழக்கம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்று அவ்விதிக்குப் பரிகாரம் டியூஷன் கட்டணமாம்! வீட்டிலோ, “பானா, லானா” என்று உரக்கச் சொல்லும்படி பிள்ளையை அதட்டுகிறார்கள். அவ்விரண்டையும் சேர்த்தால் “பானாலானா” ஆகுமேயல்லாது “பல” ஆகுமோ? அவை எழுத்தின் பெயர்கள், ஒலிகளல்ல. இங்கிலீஷிலும் “சீ, ஏ, டீ” என்று ஆயிரந்தரம் கூவினாலும் “கேட்” என்னும் பூனை வெளிவராது.

“தமிழை எழுதியபடியே வாசிக்கலாமே” என்பர் பண்டிதர். “கடல்”, “அகம்”, “தங்கம்” மூன்றிலும் ககரம் ஒரேவிதமாகவா ஒலிக்கிறது? அதைக் குழந்தைக்கு யார் காட்டுவது?

“வாத்தியார் பார்த்துக்கொள்வார்” என்கிறார்கள். பள்ளிவயதுப் பிள்ளைகள் ஒரே இனத்தில் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டுமென்று 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. வாத்தியார் யார்? பல தோட்டங்களில் கங்காணி, அல்லது நம்மைப்போன்ற கிராணி! விடியுமுன் பால்மரத்துக்கு ஓடிய அக்காலத்துப் பெற்றோரை நாம் குறைசொல்லோம். கைப்பேசியோடு மணிக்கணக்காய் உட்காரும் இக்காலத்தாருக்கு என்ன சாக்கு?

தாயும் தகப்பனும் முதலில் தாமே கற்கட்டும். 12 உயிரையும் 18 மெய்யையும் பெயர் சொல்லாமல் ஒலித்துப் பழகட்டும். “ப்” என்பதோடு “அ” கூடிப் “ப” ஆவதைத் தம் காதால் கேட்கட்டும். பிறகு பிள்ளையோடு உட்காரட்டும். இரவில் கால்மணி போதும், அதற்குக் கட்டணமில்லை.