ஐந்து செட் ஆட விட்டுப் பாருங்களேன்!

எங்கள் தெருவில் டென்னிஸ் பந்து என்றால் அது கிரிக்கெட் ஆட வாங்குகிற பந்துதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த நான் டென்னிஸைப் பற்றி எழுதக் காரணம், விம்பிள்டன் சமயத்தில் கேன்டீனில் காதில் விழுகிற ஒரு கேள்வி. "பொம்பளைங்க மூணு செட்தானே ஆடறாங்க, அப்புறம் எதுக்குச் சமமா பரிசுப் பணம்?"

இப்படிக் கேட்பவர்கள் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு முடிவில் முன்னணி வீராங்கனைகள் மட்டும் மோதும் உள்ளரங்குப் போட்டி அங்கேதான் பல காலம் நடந்தது. (முதலில் அதற்கு ஒரு சிகரெட்டின் பெயர்! அது தனிக் கதை.) 1984 முதல் 1998 வரை அதன் இறுதி ஆட்டத்துக்கு ஐந்து செட் விதி. 1990இல் 16 வயது மோனிகா செலஸ், 20 வயது சபாடினியை 6-4, 5-7, 3-6, 6-4, 6-2 என்று வென்றார். மூன்று மணி 47 நிமிடம்! 1901க்குப் பிறகு பெண்கள் ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது அதுவே முதல் முறை.

நடுவில் 89 வருஷம் என்ன ஆச்சு? அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் 1901இல் எலிசபெத் மூர் ஐந்து செட் ஆடித்தான் பட்டம் வென்றார். மறு வருஷமே சங்கத்து ஆண்கள் அதை மூன்றாக்கிவிட்டார்கள். மூர் அதை எதிர்த்தார், யார் கேட்டது?

ஆட விடாமல் வைத்துவிட்டு "இவங்களால முடியாது" என்பது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். பயிற்சிக்குப் போன ஒரு பட்டறையில் "நீ நோட்ல எழுதிக்கோம்மா" என்று லேத் பக்கமே விடவில்லை. கடைசி நாள் அதே ஆள் சொன்னார்: "பொண்ணுங்களுக்கு மெஷின் வேலை வராது."

1996 இறுதி ஆட்டத்தைக் காட்டி மடக்கலாம். ஐந்தாவது செட்டில் ஹிங்கிஸுக்குத் தசைப்பிடிப்பு. ஸ்டெஃபி கிராஃப் 6-0 என்று முடித்தார். சரி, ஆண்களுக்குப் பிடிப்பதே இல்லையா? அவர்கள் நொண்டிக்கொண்டு ஆடினால் மட்டும் அதற்குப் பெயர் வீரமாம்!

1999இல் அங்கேயும் மூன்று செட் ஆகிவிட்டது. எல்லாப் போட்டியிலும் ஐந்து செட் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆண்டு முடிவுப் போட்டியில் ஒற்றையர் எட்டே பேர்தான். உள்ளரங்கில் மழை இல்லை, வெயில் இல்லை, இருட்டிவிடும் என்ற பயமும் இல்லை. அந்த ஒரே ஓர் இறுதி ஆட்டத்தில் ஐந்து செட்டைத் திரும்பக் கொண்டுவரலாமே. வேண்டுமா, வேண்டாமா என்பதை ஆடுகிறவர்களையே கேளுங்கள்.