யார் எடுத்த சிலுவை?

கொள்ளுப்பிட்டியில் ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கும்போது காதில் விழும் பேச்சு இது: "என்ன செய்யிறது, எங்கட சிலுவை, சுமக்கத்தானே வேணும்." வாடகை கூடினாலும் சிலுவை, சம்பளம் தாமதித்தாலும் சிலுவை. ஆறுதலுக்குச் சொல்லுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வந்து விழுகிற துன்பத்தையெல்லாம் சகித்துக்கொண்டிருப்பதுதான் சீடத்துவம் என்றால், இயேசு தம் பின்னே வருகிறவர்களிடம் அவ்வளவு வெளிப்படையாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை. சிலுவையை அவரவர் தாமே எடுக்கவேண்டும் என்றார். எடுக்காமலும் போகலாம் என்ற வழி திறந்திருந்தது.

அந்த வழி திறந்திருந்தும் போகாதவர் ஒருவரை இந்த ஊர் அறியும். காலி வீதியால் வடக்கே நடந்தால் வரும் காலிமுகத்திடலில், 2015 ஜனவரி 14, பொங்கலுக்கு முதல்நாள், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்: யோசேவ் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாக்காரரான அவர் தூத்துக்குடியில் தோணி ஏறி, கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்த கையோடு கடும் வயிற்றோட்டம். எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடிக்க முடிந்தது. 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள்.

என்னை நிறுத்துவது 1697. கண்டியில் பெரியம்மை பரவியது. ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள். நோய் கண்டவர்களைக் காட்டோரம் கொண்டுபோய், கொஞ்சம் சாப்பாட்டை வைத்துவிட்டு வருவது அன்றைய வழக்கம். சொந்தக்காரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கொரோனாக் காலத்தில் கொழும்பில் நாம் கதவை எப்படிப் பூட்டிக்கொண்டோம் என்று எனக்குத் தெரியும். வாஸ் அடிகளார் போகவில்லை. கிடந்தவர்களுக்கு ஒதுங்க இடம் தேடினார், புண்ணைக் கழுவினார், கஞ்சி கொடுத்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார். சிறையிலிட்ட அதே கண்டி அரசன் இதைப் பார்த்துத்தான் அவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தான். அதன் பிறகும் அவர் கோவா திரும்பவில்லை. 1711 ஜனவரி 16 கண்டியிலேயே கண்மூடினார்.

நம் காலத்திலும் ஆட்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப் அடிகளார் போரின் கடைசிவரை வன்னி மக்களோடு நின்றார். 2009 மே 18 வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனவர் இன்றுவரை வீடு வரவில்லை.

இவர்களை வைத்து மற்றவர்களுக்குப் பொறுமை போதிப்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கொலைகாரனை மன்னிக்கிறேன் என்றால், அது அவள் எடுத்த சிலுவை. அவளிடம் போய் "வழக்கு விசாரணை எல்லாம் விட்டுவிடுங்கோ" என்று சொல்ல எந்தக் குருவுக்கும் அரசியல்வாதிக்கும் உரிமை இல்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தச் சொன்னது, சனங்கள் விடாமல் கேட்டதால்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் வேலை செய்கிற பெண்பிள்ளை ஒருநாள் என் குசினி வாசலில் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. "அக்கா, இது ஆண்டவர் தந்த சிலுவையாம், சுமக்கட்டாம். போதகர் ஐயா சொல்றார். பொலிசுக்குப் போனா பாவமா?"

"இல்லம்மா. உன்ர புருசன்ர கையை ஆண்டவர்ர தலையில போடாத," என்றேன்.

இருவருமாகப் பொலிசுக்குப் போனோம். பெண்கள் பிரிவில் முறைப்பாடு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் இப்போது அவளோடு இல்லை. அவனுடைய தாய் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடக்கிறார், மகன் எட்டிப் பார்ப்பதில்லை. வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறி, மாமியைத் துடைத்து, உடுப்பு மாற்றி, சோறு குழைத்து ஊட்டிவிட்டுத்தான் அவள் தன் அறைக்குப் போகிறாள். அதைச் செய்யும்படி அவளிடம் போதகரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.