சோதனைக் குழாய்க்கு மதம் தெரியுமா?

2020 மார்ச் மாதத்தை ஈரோடு மாவட்டம் மறக்காது. தாய்லாந்திலிருந்து வந்திருந்த இருவருக்குக் கொரோனா என்று மார்ச் 21-ல் உறுதியானது. அடுத்த சில நாட்களில் டெல்லி நிஜாமுத்தீன் விவகாரம் வெடித்தது. அவ்வளவுதான்! கிருமிக்கே தொப்பி மாட்டிவிட்டார்கள். 'கொரோனா ஜிஹாத்' என்று கூசாமல் கூவின சில தொலைக்காட்சிகள். தமிழக சுகாதாரத் துறையோ தினசரி அறிக்கையில் 'சிங்கிள் சோர்ஸ்' என்று தனிக்கணக்கு எழுதியது.

சகோதரர்களே! அந்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை என்னதான் செய்கிறது? மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் கிருமியின் ஆர்.என்.ஏ.வைத் தேடுகிறது. அதை டி.என்.ஏ.வாக மாற்றி, ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்குகிறது. 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். பெயரையோ, பள்ளிவாசலையோ, கோயிலையோ அது கேட்பதில்லை.

கேட்டவர்கள் மனிதர்கள்! சோதனை வசதி குறைவாக இருந்த அந்நாளில் ஆள் பார்த்தே சோதித்தார்கள். டெல்லி போய் வந்தவர்களைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். தேடியது தவறல்ல, பரவலைத் தடுக்க அது அவசியம். ஆனால் கடைவீதியில் ஒருவன் தராசை மட்டும் சோதித்துவிட்டு, 'ஊரிலேயே இவன் கடையில்தான் எடை குறைவு' என்று தண்டோரா போடுவது எந்த ஊர் நியாயம்?

வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்ட் 21-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் சொன்னது. அவதூறுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியாவது இந்தத் தீர்ப்புக்குக் கொடுத்தார்களா?

அவதூறு விதைத்தது பயத்தை. பயந்தவன் காய்ச்சலை மறைப்பான். மூச்சு முட்டிய பிறகே மருத்துவமனைக்கு ஓடுவான். அப்போது நஷ்டம் அவன் குடும்பத்துக்கு மட்டுமா? அவன் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும்தான்!

கொரோனாவா, பன்றிக்காய்ச்சலா, வேறு வைரசா என்பதை இருமலை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் நல்ல பலன். வைரசை ஆன்டிபயாடிக் கொல்லாது. எனவே மரபணுச் சோதனை காசுள்ளவனின் சொத்தாக இருக்கக் கூடாது.

நம் கோரிக்கை இதுதான்: கோபி அரசு மருத்துவமனைக்கு மூச்சுத் திணறலோடு வரும் எந்த ஏழைக்கும் இச்சோதனை இலவசமாக, தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். முடிவில் நோயின் பெயர் இருக்கட்டும். சமுதாயத்தின் பெயர் வேண்டாம்!

இளைஞர்களே! மருந்தைத் தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வீட்டுப் பெரியவருக்கு மூச்சு வாங்கினால் ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்காதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள். சோதனையை உரிமையோடு கேளுங்கள்!