உழக்குக்கு ஒரு எடை எழுதுவோம்!



நம்ம ஊரில் பல வீடுகளில் சமையல் உழக்கில் நடக்கிறது. ரேஷன் கடையோ கிலோவில் நடக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஆள் இல்லை. அதை நாமதான் செய்யணும் என்பது என் கருத்து.

"உழக்கு, படியெல்லாம் பழைய காலம், தூக்கிப் போடு" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி, அதாவது படி. 8 நாழி ஒரு குறுணி. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் பிசகாமல் போடுகிற கணக்கு இது!

ஆனால் ஒரு குறையும் உண்டு. ஊருக்கு ஊர் படி மாறும். நம்ம செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மலையாளத்தில் 4 நாழி ஒரு இடங்கழி. அந்த நாழி வேறு, நம்ம படிக்குச் சமமான நாழி வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே 'ஆடவல்லான்' மரக்கால் 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்பவே இந்தக் குழப்பம் இருந்திருக்கு! இதைத் தீர்க்கத்தான் 1956-இல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடையைக் கொண்டுவந்தார்கள்.

"ஒரு உழக்கு இத்தனை கிராம்னு சொல்லிட்டா முடிஞ்சுதே" என்று கேட்கலாம். முடியாது! உழக்கு காட்டுவது கொள்ளளவு, தராசு காட்டுவது எடை. எங்க வீட்டு உழக்கில் தலைதட்டி அளந்து, தராசில் நிறுத்துப் பார்த்தேன். தண்ணீர் 330 கிராம், புழுங்கலரிசி 270, அரிசி மாவு 180. பொரி 30 கூட வரவில்லை. பாடத்தில் படிக்கிற அடர்த்தி இதுதான். சமையல் எண்ணெய் 1 லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான். சூட்டில் எண்ணெய் விரியும், அதே லிட்டரில் எடை குறையும். அதனால்தான் பாக்கெட்டில் லிட்டரோடு எடையையும் போடணும் என்று 2022-இல் மத்திய அரசு கம்பெனிகளுக்குச் சொன்னது.

இதனால் என்ன லாபம்? எங்க கார்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி. ஒரு நாளைக்கு 3 உழக்கு, அதாவது 810 கிராம். 24 நாளில் 19 கிலோ 440 கிராம் தீர்ந்துவிடும். 25-ஆம் நாளுக்கு இரண்டு உழக்குதான் மிச்சம். மாசக் கடைசியில் அம்மா பானையைத் தட்டிப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, முதல் தேதியே தெரிந்தால் ஒரு வழி பண்ணலாமே! எடை குறைந்தாலும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 20 கிலோ என்றால் 74 உழக்கு வரணும். ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருக்கலாம். 70 வந்தால் கேட்க வேண்டியதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் அறிவியல் வகுப்பில் எல்லாரும் வீட்டு உழக்கையோ டம்ளரையோ கொண்டுவந்து நிறுத்துப் பார்ப்போம். சத்துணவில் நமக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி. அது எங்க உழக்கில் பாதிக்குக் கொஞ்சம் கூட. உங்க உழக்கில் எவ்வளவு?

அந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள். ஆச்சியின் உழக்கும் இருக்கட்டும், கடையின் கிலோவும் இருக்கட்டும். ரெண்டும் நமக்குத் தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
பண்பொழி.