ஒல்லி என்ற கர்வம்

என் நாத்தனார் நல்ல பருமன். நானோ இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை இன்றும் போட்டுக்கொள்கிறவள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்கு அண்ணிக்குத் துணையாகப் போனேன். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் ஒரு முறை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. அண்ணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு இரண்டாவது அளவு 168! அது 140க்குள் இருக்க வேண்டும். 200ஐத் தொட்டால் நீரிழிவு. நான் நடுவில் நிற்கிறேன்.

"ரிப்போர்ட்டை மாத்திக் கொடுத்துட்டாங்களோ?" என்று நான் கேட்டதைச் சொல்லிச் சொல்லி அண்ணி இன்னும் சிரிக்கிறார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இடுப்பை அளந்து பாத்திருக்கீங்களா?" என்றார். வீட்டுக்கு வந்து தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்தேன். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 34. கை கால் குச்சி, கொழுப்பெல்லாம் வயிற்றில்!

இது நம் நாட்டு உடம்பின் வாகு என்று புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். 2004இல் அவரும், யட்கின் என்ற லண்டன் டாக்டரும் தங்கள் படத்தையே 'லான்செட்' மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை என்று பார்த்தால் இருவருக்கும் ஒரே கணக்கு. உடம்பிலுள்ள கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! அவர் மராத்தான் ஓடுகிறவர். தான் ஓடுவதெல்லாம் காலையில் லிப்ட் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைவதற்குத்தான் என்று நம் டாக்டர் தன்னையே கேலி செய்துகொண்டார். பிறந்தபோது தன் எடை குறைவு என்பதையும் மறைக்கவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்குத் திக்கென்றது. 2003இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குச் சதை குறைவு. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. என் மகள் பிறந்தபோது 2.3 கிலோதான். இன்றும் கொடி மாதிரி இருப்பாள். இப்போது ஐந்து மாத கர்ப்பம். "எனக்கெதுக்கும்மா சர்க்கரை டெஸ்ட்? அதெல்லாம் குண்டா இருக்கறவங்களுக்கு" என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சை யாரிடம் கற்றாள்? என்னிடம்தான்! தாயின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்று எடுத்துச் சொல்லி, என் ரிப்போர்ட்டையும் காட்டிய பிறகுதான் சம்மதித்தாள்.

சரி, என் 168க்கு என்ன வழி? சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. என்னைப்போல் நடுவில் நின்ற 531 பேர். வழக்கமான யோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினமும் அரைமணி நடை, அளவான சாப்பாடு என்று தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபமில்லை. 39 ஒன்றும் சின்ன எண்ணிக்கை இல்லை, தெரிகிறது. ஆனாலும் தப்பித்த அந்தப் பதினாறு பேரில் ஒருத்தியாக இருக்கக்கூடாதா?

மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையையும் சுண்டலையும் கூட்டியிருக்கிறேன். மிஞ்சியதை வீணாக்காமல் வயிற்றில் போடும் பழக்கத்தை விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இன்று காலை மகள் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு, "ஒரே குமட்டல்மா" என்று போன் செய்தாள். ரிப்போர்ட் நாளைக்குத்தான் வருமாம். அண்ணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "என்ன ஒல்லிக்குச்சி, நடக்க வரலையா?" என்று குரல் கொடுக்கிறார்.